பிரவுசர் ஓட்டையும் அதை அடைக்கும் வேலையும்: கடைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். வரி கட்டும் மாதங்களில் இ-ஃபைலிங், மற்ற நாட்களில் இபிஎஃப் சேமநிதிக் கணக்கறிக்கை, எஸ்டிஆர் என்ற அரசு உதவித்தொகைக்கான மனு, பிள்ளைகளின் பள்ளிப் பாரம் என்று சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். போனையோ மடிக்கணினியையோ என் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவார்கள். பிரவுசரைத் திறந்தால் அது அப்டேட் கேட்டுக்கொண்டு நிற்கும். நான் அதைப் போட ஆரம்பித்ததும் கேள்வியும் ஆரம்பித்துவிடும்.

ஒரே நாளில் ஒரே பதிலை நான்கு பேருக்குச் சொல்ல வேண்டி வந்ததால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன. முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, ஆகவே வரிசையாகப் படிப்பது நல்லது.

"தங்கச்சி, கூகுள்னா என்ன, குரோம்னா என்ன? ரெண்டும் ஒன்னுதானே?"

கூகுள் ஒரு கம்பெனி. தேடுவதற்கு நாம் போகும் பக்கத்தையும் அதே பெயரில்தான் அழைக்கிறோம். குரோம் என்பது அந்தக் கம்பெனி செய்த பிரவுசர், அதாவது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் செயலி. ஃபயர்பாக்ஸ், சஃபாரி, எட்ஜ், சாம்சங் இன்டர்நெட் எல்லாம் இதே வேலையைச் செய்யும் வேறு பிரவுசர்கள். எட்ஜ், பிரேவ், ஓப்பரா, சாம்சங் இன்டர்நெட் ஆகியவை குரோமின் அடிப்படையான குரோமியத்தின் மேல்தான் கட்டப்பட்டவை. குரோமில் ஒரு ஓட்டை என்றால் பெரும்பாலும் இவற்றிலும் அது இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"நான் சும்மா செய்தி படிக்கத்தானே திறக்குறேன். அதுல என்ன ஓட்டை இருக்க முடியும்?"

நீங்கள் படிப்பதற்கு முன்னால் பிரவுசர் நிறைய வேலை செய்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய நிரலை வாங்கி, உங்கள் கணினியிலேயே ஓட்டுகிறது. படங்களைப் பிரிக்கிறது, எழுத்துருக்களை வரைகிறது, வீடியோவை இயக்குகிறது. ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் இது நடக்கிறது. உள்ளே வரும் சரக்கில் யாராவது வேண்டுமென்றே கோணலாக ஒன்றை வைத்து, அதைக் கையாளும் இடத்தில் பிரவுசர் தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தைத்தான் பாதுகாப்பு ஓட்டை என்கிறோம்.

அதிகமாக வரும் ஓட்டை எப்படிப்பட்டது என்று, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டை வைத்துச் சொல்கிறேன். 14ஆம் நம்பர் வீட்டுக் குடும்பம் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. தோட்ட ஆபீஸ் கிராணியின் (எழுத்தரின்) நோட்டில் மட்டும் இன்னும் அவர்கள் பெயர் அடிக்கப்படாமல் இருக்கிறது. இடையில் எவனோ ஒருவன் அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டான். சம்பளக் கவர் கொண்டுவருபவர் நோட்டைப் பார்த்து, 14ஆம் நம்பர் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். கணினியின் நினைவகத்தில் நடப்பதும் இதுதான். வேலை முடிந்து விடுவித்த இடத்தின் முகவரியை நிரல் மறக்காமல் வைத்திருந்து திரும்பவும் அங்கே போகிறது. அதற்குள் தாக்குபவன் தன் சரக்கை அங்கே நிரப்பி வைத்திருக்கிறான்.

குரோம் குழுவினர் 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2015 முதல் சரிசெய்த 912 கடுமையான ஓட்டைகளை எடுத்துப் பார்த்ததில் சுமார் 70 விழுக்காடு இப்படிப்பட்ட நினைவகப் பிழைகள். அவற்றில் பாதி, நான் சொன்ன காலி வீட்டுக் கதை.

"அவ்வளவு பெரிய கம்பெனி, முதல்லயே ஒழுங்கா செஞ்சு தரக் கூடாதா?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரவுசர் என்பது கோடிக்கணக்கான வரிகள் கொண்ட நிரல். அதில் பெரும்பகுதி சி++ மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழி வேகமானது, ஆனால் எந்த வீடு காலி, எந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்ற கணக்கை எழுதுபவரே வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் எங்காவது ஒரு வரியில் தவறும்.

அதனால் இரண்டு வழியில் வேலை நடக்கிறது. ஒன்று, அந்தக் கணக்கைத் தானே சரிபார்க்கும் ரஸ்ட் என்ற மொழியில் பகுதி பகுதியாக மாற்றி எழுதுவது. ஃபயர்பாக்ஸ் 2016இல் வீடியோ கோப்புகளைப் படிக்கும் சிறு பகுதியில் இதைத் தொடங்கி, 2017இல் பக்கத்தின் அலங்காரத்தைக் கணக்கிடும் பகுதி முழுவதையும் ரஸ்டுக்கு மாற்றியது. இன்னொன்று, ஓட்டை விழும் என்று ஒப்புக்கொண்டே கட்டுவது. 2008இல் வந்த நாள் முதல் குரோம் பக்கங்களைத் தனித்தனி அறையில் அடைத்துத்தான் ஓட்டுகிறது. ஒரு பக்கம் கெட்டுப்போனாலும் அந்த அறையிலிருந்து உங்கள் கோப்புகளுக்கு நேராகக் கை நீட்ட முடியாது. வெளியே வரத் தாக்குபவனுக்கு இரண்டாவது ஓட்டை ஒன்று வேண்டும்.

"மேல வலது மூலையில பச்சையா இருந்துச்சு, இப்போ செவப்பா இருக்கு. வைரஸா?"

இல்லை, குரோம் உங்களைக் கூப்பிடுகிறது. அப்டேட் ஏற்கனவே இறங்கிவிட்டது, மூடித் திறந்தால்தான் அது வேலைக்கு வரும். கணினியில் அந்தப் பச்சை, அப்டேட் வந்து இரண்டு நாளுக்குள் இருப்பதைக் குறிக்கும். ஆரஞ்சு என்றால் ஏறக்குறைய நான்கு நாள். சிவப்பு என்றால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது.

அதைத் தொட்டு மீண்டும் தொடங்கச் சொன்னால், திறந்திருந்த பக்கங்கள் எல்லாம் அப்படியே திரும்ப வரும். பாதி நிரப்பிய பாரமும், தடயம் தங்காத இன்காக்னிட்டோ முறையில் திறந்த பக்கங்களும் மட்டும் வராது. ஆகவே பாரத்தை முடித்துவிட்டுச் செய்யுங்கள். வருமான வரிக்காக வந்த ஒரு மாமாவின் மடிக்கணினியில் நாற்பதுக்கு மேல் டேப்கள். அவை போய்விடும் என்று பயந்து மூன்று மாதமாக மூடவே இல்லையாம். கணினியை அணைக்காமல் மூடியை மட்டும் மடித்து வைப்பாராம். நான் அவர் கண் முன்னாலேயே தொட்டேன். அரை நிமிடத்தில் நாற்பதும் திரும்பி வந்தன. அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார்.

நிறம் எதுவும் தெரியவில்லை என்றால் மூன்று புள்ளியைத் தொட்டு, உதவி, பிறகு 'குரோமைப் பற்றி' என்ற இடத்துக்குப் போங்கள். பதிப்பு எண் தெரியும், புதிது இருந்தால் அங்கேயே இறங்கும்.

"நான் டாப்-அப் போட்டுத்தான் நெட் பாக்குறேன். அப்டேட் போட்டா டேட்டா தீர்ந்துடாதா?"

எனக்கு அதிகம் கவலை தருவது இந்தக் கேள்விதான். பல ஆண்ட்ராய்டு போன்களில் பிளே ஸ்டோர், வைஃபை இருந்தால் மட்டுமே செயலிகளைத் தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். டவுனில் வீட்டுக்கு வைஃபை இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ராத்திரியில் எல்லாம் தானாக நடந்துவிடும். தோட்டத்து லயத்தில் பிரீபெய்ட் சிம்மோடு இருப்பவர்களின் போனுக்கு வைஃபை கிடைப்பதே இல்லை. ஆகவே அப்டேட் ஒருபோதும் நடப்பதில்லை.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் போனைக் கொடுத்தார். நல்ல போன், வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. திரையில் ஒரு கீறல் இல்லை, உறை போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். உள்ளே குரோம் பதினான்கு மாதம் பழையது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. வைஃபை உள்ள வீட்டுக்காக வைத்த அமைப்பு அவர் வீட்டுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எல்லாச் செயலியையும் புதுப்பிக்க வேண்டியதில்லை. பிளே ஸ்டோரில் பிரவுசரையும், அடுத்த கேள்வியில் சொல்லும் வெப்வியூவையும் மட்டும் தேடி, ஒவ்வொன்றாகப் புதுப்பியுங்கள். மாதத்தில் சில முறை இதற்கு டேட்டா செலவழிப்பது வீண் அல்ல. டவுனுக்கு வரும் நாளில் வைஃபை உள்ள தெரிந்தவர் வீட்டில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலும் போதும். என் கடை வைஃபையின் ரகசியச் சொல்லைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வரலாம்.

"நான் குரோமே தொடறதில்ல அக்கா, ஃபேஸ்புக் மட்டும்தான். அப்போ எனக்கு இது வேணாமே?"

ஃபேஸ்புக்கிலோ வேறு செயலியிலோ ஒரு இணைப்பைத் தொட்டால், பல நேரம் அந்தச் செயலிக்குள்ளேயே பக்கம் திறக்கும். அப்படித் திறக்கும் பல செயலிகளில் உள்ளே இருப்பது ஒரு பிரவுசர்தான். ஆண்ட்ராய்டில் அதற்குப் பெயர் வெப்வியூ. 2014இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் அது தனிச் செயலியாகப் பிளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கப்படுகிறது. 2021 மார்ச்சில் வெப்வியூவின் ஒரு பதிப்பு பழுதாக வந்து, ஜிமெயில் உட்பட பல செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. போன் கெட்டுவிட்டது என்று அன்றைக்கு என்னிடமே ஆறேழு பேர் வந்தார்கள். எத்தனை செயலிகள் அதன் மேல் உட்கார்ந்திருக்கின்றன என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்தது.

ஐபோனில் கதை வேறு. நம் நாட்டில் விற்கும் ஐபோன்களில் குரோம் போட்டாலும் ஃபயர்பாக்ஸ் போட்டாலும் உள்ளே பக்கத்தைத் திறந்து காட்டும் எஞ்சின் ஆப்பிளின் வெப்கிட். அதில் உள்ள ஓட்டை ஐஓஎஸ் அப்டேட்டோடுதான் அடைபடும். ஐபோன்காரர்கள் ஐஓஎஸ் அப்டேட்டைத் தள்ளிப்போட்டால் பிரவுசரையும் சேர்த்தே தள்ளிப்போடுகிறார்கள்.

"நம்மகிட்ட என்ன இருக்கு? நம்மள எவன் ஹேக் பண்ணப் போறான்?"

நம் மேல் தனிப்பட்ட கண் வைக்க மாட்டார்கள் என்பது பெரும்பாலும் உண்மை. யாருக்கும் தெரியாத புது ஓட்டைக்கு விலை மிக அதிகம். அதை வாங்குபவர்கள் பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள், வழக்கறிஞர்கள் மேல் பயன்படுத்துவார்கள். ஆனால் ஓட்டையை அடைத்த நாளில் நிலைமை மாறுகிறது.

தோட்டத்தைச் சுற்றி வேலி. எங்கே கம்பி அறுந்திருக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஆள் வந்து ஓர் இடத்தில் புதுக் கம்பி கட்டுகிறார். பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிட்டது. அதே வேலி பக்கத்துத் தோட்டத்திலும் இருக்கிறது, அங்கே இன்னும் கம்பி கட்டவில்லை. குரோமியத்தின் நிரல் திறந்த நிரல், திருத்தத்தை யாரும் எடுத்துப் படிக்கலாம். படித்து, எதைத் திருத்தினார்கள் என்று கண்டுபிடித்து, இன்னும் புதுப்பிக்காதவர்கள் மேல் அதைத் திருப்பலாம். இதற்கு இலட்சக்கணக்கில் காசு வேண்டாம். ஒரு பக்கத்தில் வைத்துவிட்டால் வருகிறவர் எல்லார் மேலும் அது தானாக முயற்சி செய்யும். ஆள் யார் என்று அது பார்ப்பதில்லை, பதிப்பு எண்ணைத்தான் பார்க்கிறது.

நிரலில் திருத்தம் விழுவதற்கும் அது நம் கைக்கு வருவதற்கும் இடையே 2019 வாக்கில் குரோமில் சராசரியாக 35 நாள் ஆனது. 2020இல் அதை 15 நாளாகக் குறைத்தார்கள். 2023 ஆகஸ்டிலிருந்து வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புகிறார்கள். அவர்கள் ஒரு மாதத்தை ஒரு வாரமாகச் சுருக்கியது, நாம் மூன்று மாதம் மூடாமல் வைத்திருந்தால் நமக்குப் பயன்படாது. புதுப்பிக்கச் சொல்லி நான் எல்லாரிடமும் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

"ஜீரோ டே, ஜீரோ டேன்னு சொல்றாங்களே, அது என்ன?"

சரிசெய்ய வேண்டியவருக்கு ஒரு நாள்கூட அவகாசம் கிடைக்காத ஓட்டை. அதாவது அடைப்பு வருவதற்கு முன்பே யாரோ அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். செய்தியில் இந்தச் சொல்லைப் பார்த்தால் அன்றைக்கே புதுப்பியுங்கள். கூடவே சிவிஇ என்று தொடங்கும் ஓர் எண் வரும். அது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண், 1999 முதல் நடைமுறையில் இருக்கிறது. வண்டி நம்பர் மாதிரி. யார் பேசினாலும் எந்த ஓட்டையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று குழப்பம் வராமல் இருக்க.

"ஒரு படத்தைப் பார்த்தாலே போன் மாட்டிக்குமா? எங்க தம்பி சொல்றான், நான் நம்பல"

உங்கள் தம்பி சொல்வது நடந்த விஷயம். 2023 செப்டம்பரில் வந்த சிவிஇ-2023-4863 அப்படிப்பட்டது. வெப்பி என்று ஒரு பட வடிவம் இருக்கிறது, 2010இல் கூகுள் கொண்டுவந்தது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்டிக்கர்கள்கூட அந்த வடிவம்தான். அதைப் பிரித்துக் காட்டும் சிறு நிரல் ஒன்று உண்டு. சுருக்கி வைத்த படத்தை விரிக்க அது முதலில் ஓர் அட்டவணை போடும். அட்டவணைக்கு இவ்வளவு இடம் போதும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேண்டுமென்றே கோணலாகச் செய்த ஒரு படம் அந்த இடத்தையும் தாண்டி எழுத வைத்தது. பத்து லிட்டர் வாளியில் பன்னிரண்டு லிட்டர் ரப்பர் பாலை ஊற்றினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் நனைவது போல, பக்கத்து நினைவகத்தில் தாக்குபவன் நினைத்தது போய் விழுந்தது.

ஆப்பிளின் பாதுகாப்புக் குழுவும் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வகமும் செப்டம்பர் 6இல் கூகுளுக்குத் தெரிவித்தன. 11இல் குரோமில் அடைத்தார்கள். ஐந்தே நாள். மறுநாள் ஃபயர்பாக்ஸும் அடைத்தது. அந்த ஓட்டையை வெளியே யாரோ பயன்படுத்திக்கொண்டிருந்ததைக் கூகுளே ஒப்புக்கொண்டது. அந்தச் சிறு நிரலை ஒரு பிரவுசர் மட்டும் வைத்திருக்கவில்லை, எண்ணற்ற மற்ற செயலிகளும் தங்களுக்குள் சேர்த்து வைத்திருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

எல்லாப் பிழையும் இப்படிப்பட்டது அல்ல. 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக் கூட்டு வந்தாலே ஐபோன் செயலிகள் மூடிக்கொண்டன. தெலுங்கு பேசும் குடும்பங்கள் உள்ள தோட்டங்களில் அவர்கள் மொழியைத் தட்டச்சு செய்யவே பயந்தார்கள். எரிச்சலான பிழைதான், ஆனால் அது செயலியை நிறுத்தியதோடு சரி. ஐஓஎஸ் 11.2.6இல் அதே மாதம் சரியானது. நின்றுபோவது வேறு, அடுத்தவன் கைக்குப் போவது வேறு.

"பூட்டு அடையாளம் இருந்தா பத்திரம்னுதானே சொன்னாங்க?"

முன்பு அப்படிச் சொல்லிக்கொடுத்தோம், நானும் சொன்னேன். பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. அந்தத் தளம் நல்லவருடையதா திருடருடையதா என்று அது சொல்லாது. பூட்டுக்கான சான்றிதழ் இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, போலி வங்கிப் பக்கம் செய்பவனும் வாங்கிக்கொள்கிறான். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

"பேங்க் ஒரு டேப்ல, கண்ட சைட் இன்னொரு டேப்ல திறந்து வச்சிருந்தா ஒன்னை ஒன்னு பாக்குமா?"

பார்க்கக் கூடாது என்ற விதி 1995இல் நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் காலத்திலேயே வந்துவிட்டது. ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. பிரவுசர் பாதுகாப்பின் தாய்ச்சுவர் இதுதான். ஆனால் 2018 ஜனவரியில் வெளிவந்த ஸ்பெக்டர் என்ற ஓட்டை, பிரவுசரில் இல்லாமல் கணினியின் சிப்பிலேயே இருந்தது. வேகத்துக்காகச் சிப் முன்கூட்டியே ஊகித்துச் செய்யும் வேலையின் தடயத்தை வைத்து, ஒரே அறையில் உள்ள அடுத்த தளத்தின் தகவலை நேரக் கணக்கால் ஊகிக்க முடிந்தது.

சிப்பை வீட்டுக்கு வீடு மாற்ற முடியாதே. பிரவுசர்கள் முதலில் தங்கள் கடிகாரத்தின் துல்லியத்தைக் குறைத்தன. பிறகு குரோம் 67இல் கணினிகளில் ஒவ்வொரு தளத்துக்கும் தனி அறை கொடுத்தார்கள். தனி அறைக்கு நினைவகம் அதிகம் வேண்டும். அதனால் 2019இல் ஆண்ட்ராய்டுக்கு வந்தபோது, ரேம் குறைந்தது 2 ஜிபி உள்ள போன்களில், அதுவும் ரகசியச் சொல் போட்டு நுழையும் தளங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். மலிவான பழைய போனில் அந்தச் சுவர் இல்லை. ஆகவே அப்படிப்பட்ட போனில் வங்கி வேலை செய்யும்போது மற்ற டேப்களை மூடிவிடுங்கள்.

"எக்ஸ்டென்ஷன் போடலாமா?"

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் செயலி. இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். 'எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்டால், அது உங்கள் வங்கிப் பக்கத்தையும் சேர்த்துத்தான். இந்த இடத்தில் ஓட்டையே தேவையில்லை, கதவை நாமே திறந்து விடுகிறோம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நல்ல பெயர் வாங்கிய எக்ஸ்டென்ஷனை 2020இல் அதன் உரிமையாளர் வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் அதில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லிக் கூகுள் முடக்கியது. போட்டவர்கள் யாரும் எதையும் மாற்றவில்லை, கைமாறியது மட்டும்தான்.

"இன்காக்னிட்டோல போனா சேஃப்தானே?"

போன தடயம் உங்கள் போனில் தங்காது, அவ்வளவுதான். கடைக் கணினியில் அதைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். ஓட்டை அதிலும் அதே ஓட்டை.

"எங்க வீட்டு லெப்டாப் விண்டோஸ் 7. நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?"

ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது, அடைபடாமல் கிடப்பது தெரிவதில்லை. விண்டோஸ் 7க்குக் கடைசியாக வந்தது குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த அடுத்த பதிப்பு முதல் விண்டோஸ் 7க்குக் கிடையாது, அதற்குப் பின் கண்டுபிடித்த ஓட்டைகள் பெரும்பாலும் அதில் அடைபடாமலே கிடக்கின்றன. போனிலும் இதே நிலைதான்: ஆண்ட்ராய்டு 8, 9 உள்ள போன்களுக்குக் குரோம் 138தான் கடைசி. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் வழக்கமான ஆதரவை நிறுத்தியபோதும் அதில் குரோம் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருந்தது. ஆனால் அடியில் உள்ள விண்டோஸ் அடைபடாவிட்டால், முன்னால் சொன்ன அந்த 'இரண்டாவது ஓட்டை' எளிதாகிவிடும்.

புதுக் கணினி வாங்கக் காசு இல்லை என்பதை நான் அறிவேன். பழைய மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது இலவசம், ஃபயர்பாக்ஸ் அதிலேயே வருகிறது, தமிழ்த் தட்டச்சும் ஆகும், பிள்ளைகளின் பள்ளி வேலைக்குப் போதும். அதுவும் முடியாதென்றால், அந்தக் கணினியில் வங்கிக்கும் இபிஎஃப்புக்கும் மட்டும் போகாதீர்கள்.

"ஐயோ தங்கச்சி, லிங்கைத் தொட்டுட்டேன். காசெல்லாம் போயிடுமா?"

பதற வேண்டாம். பிரவுசர் புதியதாக இருந்தால், வெறுமனே தொட்டதால் மட்டும் காசு போவது அபூர்வம். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பயனர் பெயர், ரகசியச் சொல், வங்கி அனுப்பும் டிஏசி என்ற ஒருமுறை எண், எதையாவது போட்டீர்களா? ஏதாவது கோப்பு இறங்கி, அதை நிறுவினீர்களா? இங்கே நான் பார்த்த இழப்பு எல்லாமே இந்த இரண்டில் ஒன்று. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு வருகிறது. பத்திரிகை படமாக வரும், நிறுவச் சொல்லாது.

போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே 997க்குக் கூப்பிடுங்கள், அல்லது உங்கள் வங்கிக்கு. 997 என்பது தேசிய மோசடி எதிர்ப்பு மையம், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கைமாறிக்கொண்டிருக்கும்போதே தடுக்கப் பார்ப்பார்கள், ஆகவே நிமிடம் முக்கியம். மகன் வேலை முடிந்து வரட்டும், கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். அவன் திட்டுவானோ என்ற பயத்தில் இரண்டு நாள் மறைத்து வைத்துவிட்டு என்னிடம் வந்து அழுத அம்மாவை எனக்குத் தெரியும்.

"பாஸ்வேர்டை பிரவுசர்லயே சேமிச்சு வைக்கலாமா?"

உங்கள் சொந்த, பூட்டு போட்ட கருவியில் வைக்கலாம். அதில் ஒரு நன்மை இருக்கிறது: பிரவுசர் முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, சரியான தளத்தில் மட்டும்தான் நிரப்பும். நம் கண் ஏமாறும். தமிழிலேயே பாருங்கள், ஔ என்ற ஒரே எழுத்தும், ஒ, ள என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து அடித்த ஒள-வும் பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. 2017இல் ஓர் ஆய்வாளர் ரஷ்ய மொழி போன்றவற்றுக்கான சிரிலிக் எழுத்துகளை வைத்து ஆப்பிள் தளத்தின் முகவரி போலவே ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். குரோம் 58இல் அதை அடைத்தார்கள். வழக்கமாக நிரப்பும் பிரவுசர் ஒரு பக்கத்தில் நிரப்ப மறுத்தால், கையால் அடிக்காமல் நிறுத்தி முகவரியைப் பாருங்கள்.

"அக்கா, நான் ஒரு ஓட்டை கண்டுபிடிச்சிருக்கேன். காசு குடுப்பாங்களாமே, உண்மையா?"

இடைநிலைப் பள்ளியில் படிவம் 5 படிக்கும் ஒரு பையன் கேட்டது. உண்மைதான். நெட்ஸ்கேப் 1995இலேயே தொடங்கிவைத்த வழக்கம் இது. ஃபயர்பாக்ஸைச் செய்யும் மொசில்லா 2004 முதல் கொடுக்கிறது, குரோம் 2010 முதல். 2024இல் குரோம் தன் உச்சத் தொகையை 250,000 அமெரிக்க டாலராக உயர்த்தியது. அது மிகக் கடினமான ஓட்டைக்கு, முழு நிரூபணத்தோடு. சாதாரண ஓட்டைக்கு அதைவிட மிகக் குறைவு, ஆனால் நம் ஊரில் அதுவும் நல்ல தொகை.

அவனிடம் முதலில் நான் கேட்டது: எதில் கண்டுபிடித்தாய்? உன் கணினியில் உள்ள பிரவுசரிலா, வேறொருவரின் தளத்திலா? உன் கணினியில், நீயே எழுதிய பக்கத்தை வைத்துப் பிரவுசரைத் தடுமாற வைத்தால் அது ஆராய்ச்சி. அனுமதி இல்லாமல் அடுத்தவர் தளத்துக்குள் புகுந்தால், கணினிக் குற்றங்கள் சட்டம் 1997 இருக்கிறது. நல்ல எண்ணம் என்று சொல்லித் தப்ப முடியாது. வேறொருவர் தளத்தில் தற்செயலாக ஏதாவது கண்ணில் பட்டால், அங்கேயே நிறுத்திக்கொண்டு, இணையப் பாதுகாப்புப் புகார்களைப் பெறும் சைபர்999 உதவி மையத்துக்குத் தெரிவிக்கலாம்.

அவன் செய்தது முதல் வகை. ஒரு பக்கத்தைத் திறந்தால் டேப் விழுந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் கடையில் உட்கார்ந்து, தேவையில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கினோம். இருநூறு வரி பதினொரு வரியானது, இன்னும் விழுந்தது. அதுதான் அனுப்ப வேண்டிய வடிவம்: மிகச் சிறிய பக்கம், பதிப்பு எண், எந்தக் கணினி, என்ன செய்தால் என்ன நடக்கிறது. குரோமியத்தின் பிழைப் பதிவில் 'பாதுகாப்பு' என்று குறித்து அனுப்பினோம். அப்படிக் குறித்தால் பதிவு பூட்டப்படும், அடைப்பு வந்து பெரும்பாலானோர் புதுப்பிக்கும் வரை பொதுவில் திறக்க மாட்டார்கள். வேலி கட்டும் இடத்தை முதலிலேயே காட்டிக்கொடுக்கக் கூடாதே. நண்பர்கள் குழுவில் போட வேண்டாம் என்று அவனிடம் சொன்னதும் அதனால்தான்.

மூன்று நாளில் பதில் வந்தது. நினைவகம் தீர்ந்து டேப் நிற்கிறது, பாதுகாப்பு ஓட்டை இல்லை, சாதாரணப் பிழையாக எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். காசு இல்லை. அவன் பதிவு எண்ணை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனான். அடுத்த சனிக்கிழமை வேறொரு பக்கத்தோடு வந்தான்.